சரிவான நிலத்தில் புது வீட்டின் வண்டிப்பாதைக்கு எந்தத் தளம் பொருந்தும்?

கேள்வி (திருவட்டாறு)

அனைவருக்கும் வணக்கம். திருவட்டாறு அருகே நாங்கள் கட்டிவரும் வீட்டில் பெயின்ட் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. இனி கேட்டிலிருந்து முற்றம் வரை வண்டி ஏறும் பாதைக்குத் தளம் போட வேண்டும். சாலையைவிட முற்றம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதால், 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பாதை முழுவதும் ஏற்றமாகவே அமைகிறது. அதற்கு மேல் வீட்டின் முன்னால் சமமான முற்றம், அதன் ஓரத்தில் கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு பலா மரம். முற்றத்தின் ஒரு பகுதி மட்டும் செம்மண் கொட்டி உயர்த்தப்பட்டது.

ஒப்பந்தக்காரர் தாண்டூர் கல் பதிக்கலாம் என்கிறார். என் மைத்துனர் இன்டர்லாக் கல்லே போதும் என்கிறார். அப்பாவோ கான்கிரீட் போட்டால் பிறகு எந்தத் தொல்லையும் இல்லை என்கிறார். நாள்தோறும் ஒரு காரும் இரண்டு பைக்குகளும் வந்து போகும், எப்போதாவது சிறிய லாரி ஒன்று ஏறக்கூடும். நம் குமரி மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் வழுக்காத, தாழ்ந்து போகாத தளமே எங்களுக்கு வேண்டும். அழகு அதற்குப் பிறகுதான். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

பதில் (கட்டடப் பொறியாளர், தக்கலை)

மேலே எந்தப் பொருள் என்பதைவிட, கீழே என்ன இருக்கிறது, மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்ற இரண்டு கேள்விகளே தளத்தின் ஆயுளை முடிவு செய்கின்றன. நம் செம்மண் காய்ந்திருக்கும்போது கல்லைப் போல இறுகியிருந்தாலும், நீர் ஊறியதும் தாங்கும் வலிமையைப் பெருமளவு இழந்துவிடும். கொட்டி உயர்த்திய மண் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பகுதியை ஒரு மழைக்காலம் நனையவிட்டு, தாழ்ந்த இடத்தை நிரப்பி, அரையடி அரையடியாக நீர் தெளித்து மெஷின் வைத்து இடித்து இறுக்கிய பிறகே தளம் போட வேண்டும். அவ்வளவு காலம் பொறுக்க முடியாதெனில், அந்தப் பகுதியில் கான்கிரீட்டைத் தவிர்த்து, பின்னாளில் பெயர்த்துச் சரிசெய்யக்கூடிய இன்டர்லாக் கல்லைப் பதிப்பது நல்லது.

இன்டர்லாக் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15658 ஆகும். அதன் 2006ஆம் ஆண்டுப் பதிப்பு, வண்டி செல்லாத இடத்துக்கு 50 மி.மீ. கனமும் எம்30 தரமும் (எம் என்பது கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும் அளவு), இலகுவான போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனமும் எம்35 தரமும், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மி.மீ. கனமும் எம்40 தரமும் பரிந்துரைத்தது. காருக்கு 60 போதும். லாரியும் ஏறும் என்கிறீர்கள் என்பதால் 80 வாங்குங்கள். கல்லின் அடியில் குறைந்தது 150 மி.மீ. கனத்துக்குப் பெரியதும் சிறியதுமான சல்லியைக் கலந்து பரப்பி இறுக்க வேண்டும். அதன் மேல் ஏறக்குறைய 30 மி.மீ. மணல் மட்டுமே. பலரும் சல்லிச் செலவை மிச்சப்படுத்த நான்கு விரற்கடை பாறைத்தூளைக் கொட்டி அதன் மேல் நேரடியாகக் கல்லை அடுக்கிவிடுகிறார்கள். அடுத்த மழையில் டயர் போகும் இரண்டு கோடுகளிலும் பள்ளம் விழுவதற்கு அதுவே காரணம். இருபுறமும் கான்கிரீட் விளிம்பு இல்லாவிட்டால் கற்கள் மெல்ல மெல்ல வெளியே நகரத் தொடங்கும்.

உங்கள் ஏற்றம் எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கிறது. கார் ஏறுவதற்கு அது சரியே, ஆனால் மேல்முனையிலும் கீழ்முனையிலும் சரிவைச் சற்றுக் குறைத்து வளைக்காவிட்டால் வண்டியின் அடிப்பாகம் தரையில் இடிக்கும். இத்தகைய சரிவில் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் கற்கள் கீழ்நோக்கித் தள்ளப்படுவதால், 12 மீட்டர் ஏற்றத்துக்கு நான் கான்கிரீட்டையே சொல்வேன். 125 மி.மீ. கனம், எம்25 கலவை, 3 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு. அந்த வெட்டின் ஆழம் தளத்தின் கனத்தில் நாலில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், அதைக் கான்கிரீட் போட்ட மறுநாளுக்குள் வெட்டிவிட வேண்டும். இல்லையேல் கான்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொள்ளும். மேற்பரப்பைக் கரணையால் மழமழவென்று தேய்க்காமல், ஈரமாக இருக்கும்போதே சரிவுக்குக் குறுக்காகத் துடைப்பத்தால் கோடிழுக்கச் சொல்லுங்கள். பிறகு பத்து நாள்களுக்குக் குறையாமல் நனைத்துவர வேண்டும்.

பதில் (குளச்சல்)

பொறியாளர் ஐயாவின் கருத்தில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. சரிவிலும் இன்டர்லாக் கல் நிற்கும். கீழ்முனையில் குறுக்காக ஒரு கான்கிரீட் பீம் போட்டு, அங்கிருந்து மேல்நோக்கி, கற்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் மீன்முள் வரிசையில் அடுக்கினால் அவை நகர்வதில்லை. எங்கள் பக்கம் கான்கிரீட்டைத் தவிர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்தால், துரு பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடுகிறது. திருவட்டாறு கடலிலிருந்து தள்ளியிருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. குளச்சல், முட்டம், இராஜாக்கமங்கலம் பகுதிகளில் இதை வாசிப்பவர்கள் கருத்தில் கொள்ளட்டும்.

தாண்டூர் கல்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தெலங்கானாவிலிருந்து வரும் அது சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. கறை போக்குவதற்காகக் குளியலறை ஆசிட்டை ஊற்றினால் கல்லே அரிக்கப்பட்டு வெளுத்துப்போகும். அடியில் சிறிது வெற்றிடம் இருந்தாலும் மெல்லிய பலகைகள் வண்டியின் பாரத்தில் விரிசல் விட்டுவிடும். நடப்பதற்கு மட்டுமான இடத்தில், இடையில் புல் விட்டுப் பதித்தால் அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏற்றத்தில் வேண்டவே வேண்டாம்.

பதில் (இல்லத்தரசி, அருமனை)

தினமும் முற்றத்தைப் பெருக்குகிறவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பலா மர நிழலில் எந்தத் தளம் போட்டாலும் பாசி பிடிக்கும். அதிலும் ரப்பர் அச்சில் வார்த்த, மேலே மினுமினுப்பான கற்கள் கடையில் பார்ப்பதற்கு மிகவும் அழகாக இருந்தாலும், நனைந்தால் எண்ணெய் கொட்டியது போல வழுக்குகின்றன. வயதானவர்கள் நடக்கும் வீட்டுக்கு இயந்திரத்தில் அழுத்தி எடுத்த, மேற்பரப்பு சொரசொரப்பான கல்லே ஏற்றது. பாசியை நீக்க அழுத்த நீர் பீய்ச்சும் கருவியைப் பயன்படுத்தினால் இடுக்கிலுள்ள மணலும் சேர்ந்து வெளியேறிவிடும் என்பதால், காய்ந்த பிறகு மெல்லிய மணலைத் தூவிப் பெருக்கி நிரப்ப வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் பிளீச்சிங் பவுடரும் கட்டைத் துடைப்பமுமே போதுமானவையாக இருக்கின்றன; கிணற்றின் பக்கம் மட்டும் பவுடரைப் போடுவதில்லை.

முற்றம் முழுவதையும் மூடிவிடாதீர்கள் என்பது இரண்டாவது செய்தி. கிணற்றைச் சுற்றியும் பலாவின் தூரைச் சுற்றியும் தாராளமாக மண்ணைத் திறந்தே விடுங்கள். அந்த நிலத்தில் இறங்கும் நீரே கிணற்றுக்கு வந்து சேர்கிறது, வேர் பருத்துத் தளத்தைத் தூக்கும் தொல்லையும் குறைகிறது.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஏற்றத்துக்குக் கான்கிரீட், முற்றத்துக்கு 80 மி.மீ. சொரசொரப்பான கல், கிணற்றுப் பக்கம் வெறும் மண் என்று முடிவு செய்திருக்கிறோம். அப்பாவும் மைத்துனரும் ஆளுக்குப் பாதி வென்றுவிட்டார்கள். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஏற்றத்தில் வழியும் நீர் நேராகச் சாலைக்குப் போய் எதிர்வீட்டு வாசலில் தேங்குமே, அதற்கு என்ன செய்யலாம்?

பதில் (கட்டடப் பொறியாளர், தக்கலை)

உங்கள் பாதையின் பரப்பு 36 சதுர மீட்டர்; 50 மி.மீ. மழை பெய்தால் அதிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1,800 லிட்டர் வழியும். ஆகவே கேட்டுக்கு உட்புறமாகப் பாதையின் முழு அகலத்துக்கும் ஓர் ஓடை வெட்டி, வண்டியின் பாரம் தாங்கும் இரும்புக் கிராதியால் மூடி, நீரைப் பக்கத்திலுள்ள உறிஞ்சுகுழிக்குக் கொண்டுசெல்லுங்கள். குழி செப்டிக் டேங்கிலிருந்தும் காம்பவுண்ட் சுவரின் அஸ்திவாரத்திலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். டயர் அழுக்கும் எண்ணெயும் கலந்த நீர் என்பதால் அதைக் கிணற்றில் விடக் கூடாது. கிணற்றுக்குக் கூரை நீரை வடிகட்டி விடுவதே முறை. முற்றத்தின் தளமும் வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி 100க்கு 2 என்ற அளவில் சாய்ந்திருக்க வேண்டும்.

கான்கிரீட் போடுவதற்கு முன், பாதையின் குறுக்கே இரண்டு காலிப் பிவிசி குழாய்களைப் புதைத்து முனைகளை மூடி வைத்துவிடுங்கள். குடிநீர் இணைப்போ கேட் விளக்குக்கு வயரோ பிறகு தேவைப்பட்டால் தளத்தை உடைக்க வேண்டியிராது.