கண்ணீர்ப் படலம் 4 செகண்ட்ல உடையுதாம், ஆனா ஷிர்மர் (பேப்பர் வச்சு கண்ணீர் அளவு பாக்கற டெஸ்ட்) நார்மல்?

கண்ணு எரிச்சல்னு போனேன், மஞ்சள் சாயம் வச்சு கண் சிமிட்டாம இருக்கச் சொல்லி பாத்துட்டு 4 செகண்ட்தான் நிக்குதுன்னாங்க, ஆனா பேப்பர் வச்சு பாத்ததுல கண்ணீர் போதுமான அளவு இருக்காம், எதை நம்புறது?

பதில் 1:
ரெண்டுமே சரிதாங்க. ஷிர்மர் காட்டுறது கண்ணீரோட அளவு, சாய டெஸ்ட் காட்டுறது அது எவ்ளோ நேரம் உடையாம நிக்குதுன்னு. பொதுவா 10 செகண்டுக்குக் கீழனா குறைவு. இமையில இருக்கற மெய்போமியன் சுரப்பி எண்ணெய் சரியா விடலன்னா தண்ணி சீக்கிரம் ஆவியாயிடும், அதையும் பாக்கச் சொல்லுங்க.

பதில் 2:
ஒரே தடவைதான் பாத்தாங்களா? ஒவ்வொரு தடவையும் மாறும், 3 தடவை எடுத்து சராசரி பாக்கறதுதான் நல்லது. சாயமே படலத்தைக் கொஞ்சம் கலைச்சிடும், அதனால வளையம் வளையமா வெளிச்சம் விட்டு சாயமில்லாம பாக்கற மெஷின் இருந்தா கேளுங்க.

கேட்டவர்:
ஒரு தடவைதான். பேப்பர் டெஸ்ட் முடிச்சிட்டு சாயம் வச்சாங்க.

பதில் 2:
அப்போ கண்டிப்பா இன்னொரு நாள் பாக்கச் சொல்லுங்க, பேப்பர் உறுத்தி கண்ணு கலங்கிடும், சாய டெஸ்ட்தான் முதல்ல பண்ணணும்.