ஏர் ஷாக் அமுங்கியபடியே நிற்கிறது, நானே கழற்றலாமா? (200×57, 2014 வண்டி)

மண்ரோடு_கோவை:

வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபுல் சஸ்பென்ஷன் எம்டிபி (முன்னும் பின்னும் ஷாக் உள்ள மலைச் சைக்கிள்) ஒன்று இருக்கிறது, 2014 மாடல், பின்னால் 140 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம்). பின் ஷாக்கில் காற்று ரொம்ப நாள் நிற்காது, அடிக்கடி ஷாக் பம்ப் வைத்து அடித்துக்கொள்ளணும் என்று விற்றவரே சொல்லித்தான் கொடுத்தார், விலையும் அதற்கேற்பக் குறைவு. ஆனைகட்டிப் பக்கம் ஓட்டும்வரை அது பெரிய தொந்தரவாக இல்லை. போன வாரம் கோத்தகிரியில் எஸ்டேட் இறக்கம் ஒன்றில் கல் மேல் வேகமாக இறங்கியதும் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. மீதி தூரம் முழுக்க சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மிதித்த மாதிரி வந்து சேர்ந்தேன்.

இப்போது வண்டியைத் தலைகீழாக நிறுத்தினாலும் ஷாக் நீளவில்லை. ஸ்டிக்கரில் 200×57 (முழு நீளம் × அமுங்கும் தூரம், மி.மீ.) என்று இருக்கிறது, ஆனால் இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் அளந்தால் 178 மி.மீ.தான். வேடிக்கை என்னவென்றால் பம்ப் மாட்டினால் 160 பிஎஸ்ஐ காட்டுகிறது. காற்று இருக்கிறது, ஷாக் மட்டும் எழவில்லை. அமுக்கினால் உள்ளே சளக் சளக் என்று ஒரு சத்தம் வேறு.

பக்கத்துக் கடையில் கேட்டால் "ஷாக் போச்சுங்க, புதுசு போட்டுக்குங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நெட்டில் 210×55 ஒன்று மலிவாகக் கிடக்கிறது, 10 மி.மீ. தானே கூட, அது பொருந்துமா? இல்லையென்றால் வீடியோவில் ஏர் கேனை (காற்று அடைபட்டிருக்கும் வெளிக்குழாய்) கையாலேயே திருகிக் கழற்றி சீல் மாற்றுகிறார்கள், நானும் ஸ்ட்ராப் ரெஞ்ச் வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை இறங்கலாம் என்று இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெடல்_பித்தன்:

210×55 போடாதீங்க ப்ரோ. அது மெட்ரிக் அளவு, 2016க்கு அப்புறம் வந்த ஃபிரேம்களுக்கு. உங்களுடையது பழைய இஞ்ச் கணக்கு, 7.875×2.25 இஞ்ச் என்பதைத்தான் மில்லிமீட்டரில் 200×57 என்று போட்டிருக்கிறார்கள். ஷாக்கில் 10 மி.மீ. கூடினால் சக்கரத்தில் 10 மி.மீ. இல்லை. உங்கள் வண்டிக்கு 140-ஐ 57-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு, ஆக பின்பக்கம் 25 மி.மீ. தூக்கும். பாட்டம் பிராக்கெட் (பெடல் சுற்றும் அச்சு) மேலே போகும், முன்பக்கம் செங்குத்தாகி இறக்கத்தில் ஹேண்டில் துள்ளும். முழுசா அமுங்கும்போதும் பழையது 143-க்கு வரும், இது 155-லேயே நின்றுவிடும். அப்புறம் லிங்க் (ஷாக்கையும் பின்பக்கத்தையும் இணைக்கும் கை) எந்தக் கோணத்துக்குப் போய் எதில் இடிக்கும் என்று அந்த ஃபிரேமைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

டிரனியன் என்று எழுதியிருந்தால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க. ஒரு பக்கம் கண்ணே (ஷாக் நுனியில் போல்ட் போகும் ஓட்டை) இருக்காது, ஷாக்கின் இரண்டு பக்கவாட்டிலும் நேராக போல்ட் ஏறும்.

பழைய_மெக்கானிக்:

தம்பி, முதலில் அந்த ஸ்ட்ராப் ரெஞ்சை எடுத்து உள்ளே வையுங்கள். இந்த நிலையில் கேனைத் திருகக் கூடாது. நீங்கள் பார்த்த வீடியோவில் இருப்பது நல்ல நிலையில் உள்ள ஷாக், உங்களுடையது அது இல்லை.

ஏர் ஷாக்கில் காற்று இரண்டு அறையில் இருக்கிறது. நீங்கள் பம்ப் மாட்டுவது பாசிட்டிவ் அறை, அது ஷாக்கை நீட்டத் தள்ளும். பிஸ்டனுக்கு மறுபக்கம் நெகட்டிவ் அறை, அது சுருக்கத் தள்ளும். ஆரம்ப அசைவு இறுக்கமாக இல்லாமல் மெத்தென்று இருப்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். ஷாக் கிட்டத்தட்ட முழு நீளத்தில் இருக்கும்போது சின்ன பள்ளம் ஒன்றின் வழியாக இரண்டு அறையும் சமமாகிக்கொள்ளும், மற்ற நேரம் நடுவில் உள்ள பிஸ்டன் சீல்தான் இரண்டையும் பிரிக்கிறது. அந்த சீல் தேய்ந்துபோனால், பெரிய அடி விழும்போது பாசிட்டிவ் பக்கம் அழுத்தம் எகிறி, காற்று சீலைத் தாண்டி நெகட்டிவ் அறைக்குள் போய்விடும். போன காற்று திரும்பி வர வழியில்லை. கோத்தகிரியில் உங்களுக்கு நடந்தது இதுதான். உங்கள் பம்பில் தெரியும் 160 ஒரு பக்கத்துக் கணக்கு மட்டும். மறுபக்கம் பரப்பளவு குறைவு, அவ்வளவு சின்ன பரப்பை வைத்துக்கொண்டு ஷாக்கை அமுக்கிப் பிடித்திருக்கிறது என்றால் அங்கே அழுத்தம் இதைவிட நிறைய இருக்கிறது என்று அர்த்தம். பம்ப் வைத்து அதைப் பார்க்கவும் முடியாது, இறக்கவும் முடியாது, அந்தப் பக்கம் வால்வே இல்லை.

கேனைப் பிடித்துக்கொண்டிருப்பது மரை மட்டும்தான். கடைசி மரை விட்டதும் கேன் கீழ்க்கண் பக்கமாகப் பாயும். நடுவில் விரல் இருந்தால் விரல், முகம் இருந்தால் முகம். ஷாக் கம்பெனிகளின் கையேட்டிலேயே அமுங்கி நிற்கும் ஷாக்கை நீங்கள் திறக்காதீர்கள் என்றுதான் எழுதியிருக்கும்.

இன்னொன்று. எழவில்லையே என்று பாசிட்டிவ் காற்றையும் இறக்கிவிடாதீர்கள், இன்னும் கீழே போய் உட்காரும்.

ஓரிங்_ஒண்டிவீரன்:

இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் அண்ணே. எங்கள் குரூப்பில் எல்லாரும் வீட்டிலேயேதான் கழற்றுகிறோம். நம்ம ஊரில் பம்ப்செட் ஸ்பேர் விற்கிற கடைக்குப் போய் பழைய ரிங்கைக் காட்டினால் அதே அளவில் ஓ-ரிங் சில்லறைக் காசுக்குத் தருவார்கள். கம்பெனி கிட் எல்லாம் வீண் செலவு.

பழைய_மெக்கானிக்:

நீங்கள் கழற்றியது காற்று முழுசா இறங்கிய ஷாக். இவருடையது இறங்காதது. ஏர் கேனைக் கழற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, நானும் வருஷம் பூரா அதைத்தான் செய்கிறேன்.

ஓ-ரிங் விஷயத்தில் பாதி சரி. கேன் மரைக்கு அடியில் உட்காரும் ரிங் அசையாதது, அதற்கு கடையில் கிடைக்கும் நைட்ரைல் ரிங், தடிமனும் விட்டமும் சரியாக இருந்தால் போதும். பிஸ்டன் மேல் ஏறி இறங்கும் சீல் பல ஷாக்குகளில் உருண்டை ரிங்கே இல்லை, நாலு உதடு உள்ள குவாட் ரிங், இரண்டு பக்கமும் மெல்லிய பேக்கப் ரிங். அந்த இடத்தில் சாதா ஓ-ரிங் போட்டால் காடியில் புரண்டு முறுக்கிக்கொள்ளும். கொஞ்ச நாளில் திரும்ப இதே கதைதான். சீல் கிட் வாங்குங்கள். ஃபாக்ஸ் என்றால் ஷாக் மேலேயே நாலு எழுத்தில் ஒரு ஐடி கோடு இருக்கும், ராக்‌ஷாக்ஸ் என்றால் சீரியல் நம்பர், அதை வைத்துத்தான் கிட் தேட வேண்டும், மாடல் பெயரை மட்டும் நம்பினால் வேறு வருஷத்து கிட் வந்து சேரும்.

மண்ரோடு_கோவை:

நல்லவேளை கேட்டேன். சரிங்ணா, அப்போ அந்தக் காற்றை வெளியே எடுக்க வழியே இல்லையா? இங்கே சர்வீஸ் செய்யும் ஆள் யாரும் எனக்குத் தெரியவில்லை. பெங்களூருக்கு கூரியரில் அனுப்பலாம் என்றாலும் இந்த நிலையில் அனுப்பலாமா?

பழைய_மெக்கானிக்:

ஒரு வழி இருக்கிறது, பாதி கேஸில் வேலை செய்யும். ஷாக்கை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். ஷாக்கிலோ கையேட்டிலோ அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும், நிறைய ஷாக்குகளில் 300 பக்கம். அந்த அளவு வரை நிதானமாக ஏற்றுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். அப்புறம் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின் சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாக இழுங்கள். முகத்தை ஷாக்குக்கு நேராக வைக்காதீர்கள். அந்தப் பள்ளம் இருக்கும் இடம்வரை நீண்டுவிட்டால் உள்ளே உஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்கும், இரண்டு அறையும் சமமாகிறது. அதன் பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றை விடுங்கள், நடுநடுவே நிறுத்தி ஷாக்கை லேசாக அமுக்கி நீட்டுங்கள், அப்போதுதான் நெகட்டிவ் காற்றும் கூடவே இறங்கும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திறந்துவிட்டால் நல்ல ஷாக்கே உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும்.

எல்லாம் இறங்கியதற்கு அடையாளம், ஷாக்கை எந்த நீளத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். நீட்டிவிட்டால் தானாகச் சுருங்குகிறதா, உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, திறக்கக் கூடாது. முழு அழுத்தத்திலும் நீளவே இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள், அது சர்வீஸ் சென்டர் வேலை, போன் செய்து நிலைமையைச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

தீவுமண்_சிங்கை:

சிங்கப்பூரிலிருந்து. புலாவ் உபினில் கெத்தாம் டிரெயிலில் ஓட்டுகிறேன், மழை, சேறு, மணல் மூன்றும் உண்டு. இங்கே தூசித் தடுப்பு சீல்தான் முதலில் போகும், அது போனபின் உள்ளே போகும் மணல்தான் மற்றதைத் தேய்க்கும். ராக்‌ஷாக்ஸ் ஏர் கேனுக்கு 50 மணி நேரம், டேம்பருக்கு (அசைவை அடக்கும் எண்ணெய்ப் பகுதி) 200 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறது, ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருஷம் ஒருமுறை என்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் இது எதுவுமே நடந்திருக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவருக்கு ஒரு கேள்வி. சளக் சத்தம் எப்போது வருகிறது? அமுங்கும்போதா, திரும்பும்போதா? ரீபவுண்ட் குமிழை (ஷாக் திரும்பி நீளும் வேகத்தை மாற்றுவது) திருகினால் வித்தியாசம் தெரிகிறதா?

மண்ரோடு_கோவை:

வேலை முடிந்தது, அப்டேட் போடுகிறேன். முதல் தடவை 300 வரை ஏற்றி இழுத்ததில் பாதிதான் வந்தது. தம்பியைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்ததும் படக்கென்று நீண்டு, நீங்கள் சொன்ன அந்த உஸ்ஸ் சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு முழுசா இறக்கினேன், இப்போது விட்ட இடத்தில் நிற்கிறது.

கிட் வந்த பிறகுதான் திறந்தேன். கீழ்க்கண் புஷ்ஷை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் கெட்டியான துணியைச் செருகி, கேன் பாய்ந்தாலும் அதைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டு திருகினேன். சாதுவாகக் கழன்றது. உள்ளே கறுப்புக் களிம்பு. பேக்கப் ரிங் ஒன்று கிழிந்து, அதன் துணுக்கு சீலுக்கு அடியில் மாட்டியிருந்தது. பாடி மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. சீல்களை இரும்பு ஊசியால் நெம்பாமல் பல் குத்தும் குச்சியால் எடுத்தேன், ஐசோபுரப்பைல் ஊற்றித் துடைத்து, சஸ்பென்ஷன் கிரீஸ் தடவி மாட்டியாயிற்று. காற்று ஏற்றி பக்கெட் தண்ணீரில் முக்கியதில் ஒரு குமிழிகூட இல்லை.

சத்தம் மட்டும் போகவில்லை. அமுங்கித் திரும்பும்போது முதல் கொஞ்ச தூரத்தில் சளக், ரீபவுண்ட் குமிழ் அந்த இடத்தில் வேலையே செய்யவில்லை. இன்னொரு சந்தேகம், 180 ஏற்றி பம்பைக் கழற்றி, திரும்ப மாட்டினால் 165தான் காட்டுகிறது. இன்னும் லீக்கா?

பழைய_மெக்கானிக்:

லீக் இல்லை. திரும்ப மாட்டும்போது பம்ப் ஹோஸை நிரப்பக் கொஞ்சம் காற்று ஷாக்கிலிருந்து போகிறது, ஏர் அறை சின்னது, அதனால் முள் இறங்கும். கழற்றும்போது வரும் உஸ்ஸும் ஹோஸில் இருக்கும் காற்றுதான். காற்றைப் பார்க்கப் பார்க்கத்தான் குறையும், பார்க்காதீர்கள்! ஏற்றியபின் முதல் கால்வாசி தூரத்தை மெதுவாகப் பத்துத் தரம் அமுக்கி விடுங்கள், நெகட்டிவ் நிரம்பும், அப்புறம் அளவைச் சரிசெய்யுங்கள். சேக் (ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் அளவு) 25லிருந்து 30 சதவீதம், உங்கள் 57-க்கு 14 முதல் 17 மி.மீ., பையும் தண்ணீரும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து அளக்கணும்.

சத்தம் டேம்பர். எண்ணெயில் காற்று கலந்துவிட்டது. உள்ளே எண்ணெயையும் நைட்ரஜனையும் பிரிக்கும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று உண்டு, அதன் சீல் போயிருக்கும். அதை வீட்டில் திறக்க வேண்டாம், அந்த நைட்ரஜன் நூற்றுக்கணக்கான பிஎஸ்ஐயில் இருக்கும்.

ஓரிங்_ஒண்டிவீரன்:

டயர் கடையில் நைட்ரஜன் அடிக்கிறார்களே, அதை வைத்து ஏற்ற முடியாதா?

பழைய_மெக்கானிக்:

கார் டயருக்கு 30, 35 பிஎஸ்ஐ. அவர்கள் மிஷின் அந்த ரகம். இதற்கு உயர் அழுத்த சிலிண்டர், ரெகுலேட்டர், பல மாடல்களுக்கு ஊசி முனை அடாப்டர் வேண்டும், மிதக்கும் பிஸ்டனை எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் வைப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும். டேம்பரை மட்டும் சர்வீஸுக்கு அனுப்புங்கள். அவர்கள் கேட்கும் தொகை நல்ல நிலையில் உள்ள பழைய 200×57 ஷாக்கின் விலையைத் தொட்டால் அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை ஆனைகட்டி ஓட்டலாம், எஸ்டேட் இறக்கம் வேண்டாம்.

ஷாக் வெளியே இருக்கும்போதே ஒரு வேலை. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின் முக்கோணத்தை ஒரு விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். தானாக வழுக்கி இறங்க வேண்டும். கரகரவென்றாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங். டக் டக் சத்தத்துக்கு ஷாக்கைக் குற்றம் சொல்லி வருபவர்களில் நிறையப் பேருக்கு அதுதான்.

மண்ரோடு_கோவை:

பார்த்தேன், மெயின் பிவட்டில் (பின் முக்கோணம் ஃபிரேமோடு சேரும் அச்சு) கரகரப்பு இருக்கிறது. பேரிங் மேல் 6902 2ஆர்எஸ் என்று போட்டிருக்கிறது. பேரிங் கடையில் கிடைக்கும் சாதாரண 6902 போடலாமா? கீழ்க்கண்ணின் ஸ்பேசரும் ஒரு பக்கம் தேய்ந்து ஆடுகிறது, கணபதியில் தெரிந்த லேத் இருக்கிறது, கடைந்து வாங்கலாமா, எஸ்எஸ்ஸா அலுமினியமா?

பெடல்_பித்தன்:

6902 அளவு ஒன்றுதான், 15×28×7, உட்காரும். ஆனால் பிவட் பேரிங் முழுச் சுற்று சுற்றாது, கொஞ்சம்போல அசைந்துகொண்டே பாரம் தாங்கும், அதனால் கூடு இல்லாமல் உள்ளே குண்டு நிறைத்த மேக்ஸ் ரகம் போட்டால் கூட நாள் வரும். கிடைக்கும்வரை சாதாவைப் போட்டு ஓட்டுங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக இருக்கட்டும்.

ஸ்பேசருக்கு அலுமினியம் போதும். தேய்ந்ததைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்லாதீங்க, தேய்ந்த அளவிலேயே கடைந்து தருவார். ஃபிரேமில் ஷாக் உட்காரும் இடைவெளியை வெர்னியரில் அளந்து, ஷாக் கண்ணின் அகலத்தைக் கழித்து, மீதியை இரண்டாகப் பிரித்து எழுதிக் கொடுங்க. போல்ட் ஓட்டை 8 மி.மீ.தானா என்று போல்ட்டையும் கையோடு கொண்டுபோய் போட்டுப் பார்த்து வாங்குங்க.