சி பிளஸ் பிளஸ் மொழியின் சார்ட் (sort, வரிசைப்படுத்தும் ஃபங்ஷன்): "ஸ்ட்ரிக்ட் வீக் ஆர்டரிங்" என்று எழுதித்தான் ஆகணுமா?

தண்டையார்பேட்டை: காசிமேட்டு மீன் பெட்டிகளை எடைப்படி அடுக்கும் புரோகிராமை வைத்து ஏரியா பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சார்ட்டுக்குக் கொடுக்கும் கம்பேர் ஃபங்ஷன் (இரண்டில் எது முன்னால் வரும் என்று சொல்வது) "ஸ்ட்ரிக்ட் வீக் ஆர்டரிங்" ஆக இருக்கணும் என்று சி பிளஸ் பிளஸ் ஆவணத்தில் ஒரே வரி. "சின்னது முதலில்" என்றால் போதாதா?

ராயபுரம்: போதாது தம்பி. அப்படிச் சொன்னால் பாதிப் பேர் <= (சின்னது அல்லது சமம்) போடுவார்கள். 25 கிலோ பெட்டி இரண்டு இருந்தால், இது அதற்கு முன், அது இதற்கு முன் என்று இரண்டு பதிலும் வரும், அதை நம்பி சார்ட் வரிசையைத் தாண்டிப் போய் மெமரியைப் படித்து கிராஷ் ஆகலாம். சின்ன டேட்டாவில் ஒழுங்காக ஓடிவிடும், அதுதான் ஆபத்து. ஸ்ட்ரிக்ட் என்றால் ஒன்றை அதோடே ஒப்பிட்டால் ஃபால்ஸ் (இல்லை) வரணும்.

வியாசர்பாடி: "வீக்" விஷயத்தையும் விடாதீங்க. சமமானவை இருக்கலாம், ஆனால் அந்தச் சமம் தொடரணும். அரை கிலோ வரையான வித்தியாசத்தைச் சமமாக எடுத்தால் 25-ம் 25.4-ம் சமம், 25.4-ம் 25.8-ம் சமம், ஆனால் 25-ம் 25.8-ம் சமமில்லை. அங்கேயே உடைந்தது! ஜாவா மொழி 7-ம் பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட தப்பைச் சில நேரம் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) போட்டே காட்டிவிடும், சி பிளஸ் பிளஸ் அப்படிக் காட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

தண்டையார்பேட்டை: சரி அண்ணா, இந்த 25.4 கணக்கையே போர்டில் எழுதிவிடுகிறேன். ஆவணத்திலும் அந்த வரிக்குக் கீழே இப்படி ஒரு உதாரணம் கட்டாயம் வேண்டும்.