பயணத்தில் பீட் அமைக்க: தனித்தியங்கும் கருவியா, மடிக்கணினியோடு இணையும் கருவியா?

வைகைக்கரை:

வணக்கம். வீட்டில் எஃப்எல் ஸ்டுடியோ என்னும் இசை மென்பொருளில் பீட் (தாள இசை) அமைத்து வருகிறேன். வேலையின் பொருட்டு மாதத்தில் பாதி நாட்கள் ரயிலிலும் வெளியூர் விடுதிகளிலும் கழிவதால், அந்த நேரத்தையும் இசைக்குப் பயன்படுத்த விரும்புகிறேன். நான் பெரும்பாலும் சாம்பிள்களை (பதிவு செய்த ஒலித்துண்டுகளை) வைத்தே வேலை செய்பவன். கோயில் கொடைகளிலும் ஊர்த் திருவிழாக்களிலும் பறை, உடுக்கை, தவில் ஆகியவற்றைக் கலைஞர்களின் அனுமதியோடு கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்து, பிறகு அவற்றை வெட்டி அடுக்கிப் புதிய தாளக்கட்டுகளை உருவாக்குகிறேன்.

இப்போது விரலால் தட்டி வாசிக்கும் பேட் உள்ள கருவி ஒன்றை வாங்க நினைக்கிறேன். அகாயின் எம்பிசி ஸ்டுடியோ, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மாஷீன் மிக்ரோ போன்றவை விலையும் எடையும் குறைந்தவை. ஆனால் மடிக்கணினி இல்லாமல் அவற்றிலிருந்து ஒரு ஒலியும் வராது. எம்பிசி ஒன் பிளஸ், எம்பிசி லைவ் 2, ரோலண்டின் எஸ்பி-404 எம்கே2 ஆகியவை தாமாகவே இயங்குகின்றன. அதற்கேற்ப விலையும் கூடுகிறது. இரண்டு வகையையும் வாங்கிப் பார்க்கும் வசதி எனக்கில்லை. மடிக்கணினியை எப்படியும் தூக்கிச் செல்கிறேன் என்னும்போது தனிக்கருவிக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகுமா? ஆறு, ஏழு எண்ணிக்கையில் வரும் நம் தாளங்களை இந்தக் கருவிகள் எப்படிக் கையாளுகின்றன? வெளியில் தொடங்கியதை வீட்டில் எஃப்எல் ஸ்டுடியோவில் முடிக்க வழி இருக்கிறதா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏழாம்அடி:

தனித்தியங்கும் கருவிக்குள்ளும் இருப்பது ஒரு கணினிதான் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 2017-இல் வந்த எம்பிசி லைவும் எம்பிசி எக்ஸும் ஏஆர்எம் செயலியில் லினக்ஸை ஓட்டுகின்றன. 2020-இல் வந்த மாஷீன் பிளஸ்ஸில் இன்டெல் ஆட்டம் செயலி இருக்கிறது. 2023-இல் வந்த ஏபிள்டன் புஷ் 3-இன் தனித்தியங்கும் பதிப்பில் இன்டெல் கோர் ஐ3 செயலியும் 8 ஜிபி நினைவகமும் உள்ளன. எனவே நீங்கள் கூடுதல் பணம் கொடுப்பது உயர்ந்த ஒலித்தரத்துக்காக அல்ல. மின்னஞ்சலும் அலுவலகக் கோப்பும் குறுக்கிடாமல், ஒரே வேலைக்கென ஒதுக்கப்பட்ட இன்னொரு கணினிக்காக. அலுவலக வேலைக்கும் அதே மடிக்கணினியைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்த ஒதுக்கத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த விவாதத்துக்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. 1987-இல் வந்த ஈ-மூ எஸ்பி-1200 மொத்தம் 10 நொடி அளவுக்கே சாம்பிள் எடுத்தது. அந்த இடத்தை மிச்சப்படுத்த, 33 சுற்று இசைத்தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிவு செய்து, கருவிக்குள் மீண்டும் சுருதியைக் கீழே இறக்கினார்கள். அப்படிப் பிறந்த கரகரப்பே பிறகு விரும்பத்தக்க ஒலியாகிவிட்டது. அடுத்த ஆண்டு ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி60 வந்தது. கணினியின் திரையையும் நினைவகத்தையும் பேட்களோடு இணைக்கும் முறையை 2009-இல் மாஷீன் பரவலாக்க, அகாய் நிறுவனமும் 2012-இல் எம்பிசி ரினைசன்ஸ், எம்பிசி ஸ்டுடியோ ஆகியவற்றைக் கணினியை நம்பியே வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளில் அதே நிறுவனம் தனித்தியங்கும் கருவிக்குத் திரும்பியதையும், பிறகு மாஷீனும் புஷ்ஷும் அதே பாதையில் வந்ததையும் பார்க்கும்போது, திரையைப் பார்க்காமல் விரலால் வேலை செய்ய விரும்புவோர் குறையவில்லை என்றே தோன்றுகிறது.

தாளம் பற்றிய கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதினாறு படிகள் கொண்ட கட்டத்தைக் கண்முன் வைக்கும் எந்தக் கருவியும் உங்களை நான்கின் மடங்குகளுக்குள் மெல்ல இழுத்துவிடும். ஆனால் இது பழக்கத்தின் இழுப்புதானே ஒழிய, கருவியின் எல்லை அல்ல. எம்பிசியில் ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும் (அடிகளின் தொடருக்கும்) தனித்தனியாகத் தாள அளவைக் குறிக்கலாம். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்புக்கு 7/8 என்று வைத்துவிட்டு மூன்றும் நான்குமாகப் பிரித்து வாசிக்கலாம். எலெக்ட்ரான் டிஜிடாக்ட்டில் ஒவ்வொரு டிராக்கின் நீளத்தையும் 14 படிகளாகச் சுருக்கலாம். நோவேஷன் சர்க்யூட் ரிதமிலும் பேட்டர்னின் முடிவுப் படியை நாமே குறிக்க முடியும். பறையடிகளில் அடிக்கடி வரும், மும்மூன்றாகச் செல்லும் திஸ்ர நடைக்கு, அடிகளைக் கட்டத்தில் சரியாக நிறுத்தும் எம்பிசியின் குவான்டைஸ் அளவை டிரிப்லெட்டுக்கு (மூன்றின் பிரிவுக்கு) மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது அதை முழுவதும் அணைத்துவிடுங்கள். இன்றைய எம்பிசி ஒரு கால் சுரத்துக்கு (குவார்ட்டர் நோட்) 960 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் பதிவு செய்கிறது. எம்பிசி60-இல் அது 96 ஆக இருந்தது. பறைக் கலைஞரின் கை முன்னும் பின்னும் தள்ளி விழும் அந்தச் சிறு இடைவெளி, குவான்டைஸ் இல்லாதபோது அப்படியே தங்கும்.

சாம்பிள் வெட்டும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஒலியின் அளவைக் கொண்டு தானாக வெட்டும் முறை, திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலையும் அடியாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பதிவை ஓடவிட்டு, காதால் கேட்டு, பேட்டைத் தட்டிக் கையால் வெட்டுவதே நல்லது. அடிக்குச்சியின் கனத்த ஒலியையும் சுண்டுக்குச்சியின் கூர்மையான ஒலியையும் தனித்தனிப் பேட்களில் வைத்துக்கொண்டால் நீங்களே புதிய அடிகளைக் கட்டலாம். தீயில் காய்ச்சியவுடன் பறையின் சுருதி ஏறி, நேரம் செல்லச் செல்ல இறங்குவதால், ஒரே இரவில் எடுத்த இரண்டு பதிவுகள்கூட ஒன்றோடொன்று சேராமல் போகலாம். பேட் ஒவ்வொன்றின் சுருதியையும் நுண்ணளவில் திருத்தும் வசதி எம்பிசியில் இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

கம்பிச்சுருள்:

ஏழாம்அடி சொன்ன தாளக் குறிப்புகள் அனைத்தும் எஃப்எல் ஸ்டுடியோவிலும் செய்யக்கூடியவையே என்பதை நினைவூட்டிவிட்டு, மின்சாரத்தையும் பையின் எடையையும் பற்றிப் பேச விரும்புகிறேன். பயணத்தில் முடிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அவைதான்.

“தனித்தியங்கும்” என்ற சொல் மின்சாரத்தைக் குறிப்பதல்ல. எம்பிசி ஒன் பிளஸ்ஸிலும் மாஷீன் பிளஸ்ஸிலும் உள்ளே பேட்டரியே கிடையாது. எம்பிசி ஒன் 19 வோல்ட் அடாப்டரில் இயங்குவதால், கைப்பேசிக்கு வாங்கிய சாதாரண பவர் பேங்க் அதற்கு உதவாது. லைவ் 2-இல் பேட்டரியும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. ஆனால் அதன் எடை பல மடிக்கணினிகளின் எடையை மிஞ்சும். புஷ் 3 பேட்டரியில் இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கும். எஸ்பி-404 எம்கே2-க்கோ ஆறு ஏஏ பேட்டரிகள் போதும். யூஎஸ்பி-சி வழியாகப் பவர் பேங்கிலும் இயங்கும். ரயில் பெட்டியில் இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை சார்ஜிங் முனைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும் நடைமுறையும் இருப்பதால், இரவுப் பயணத்தில் வேலை செய்ய நினைக்கும் உங்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

இனி கணினிப் பக்கம். எம்பிசி ஸ்டுடியோவும் மாஷீன் மிக்ரோவும் யூஎஸ்பி மின்சாரத்திலேயே இயங்குவது பெரிய வசதி. ஆனால் இரண்டிலும் ஒலியை உள்வாங்கி வெளியே அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லை; ஒலி உங்கள் மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்தே வர வேண்டும். அங்கேதான் லேட்டன்சி (தட்டியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம்) தொல்லை தருகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் தொகுதியின் அளவு) 512 என்றால் அது மட்டுமே 11.6 மில்லிநொடி தாமதம். 128-க்குக் குறைத்தால் 2.9 மில்லிநொடி. விரலால் தாளம் வாசிப்பவர் பத்து மில்லிநொடிக்கு மேற்பட்ட தாமதத்தை உணர்ந்துவிடுவார், தன்னை அறியாமலேயே முந்தி அடிக்கவும் தொடங்குவார். மடிக்கணினியில் 128 வைத்து ஒலி வெடிப்பின்றி ஓடுகிறதா என்பதை இன்றே சோதித்துப் பாருங்கள். ஓடவில்லை என்றால் தனி இன்டர்ஃபேஸ் ஒன்றும் பையில் ஏறும். எந்தக் கருவியை வாங்கினாலும் ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனின் தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது சாதாரணம். அதில் பாட்டுக் கேட்கலாம், தாளம் வாசிக்க முடியாது.

இன்னொன்று: எம்பிசி ஸ்டுடியோவை எஃப்எல்லுக்குள் பயன்படுத்த, எம்பிசி மென்பொருளை அதற்குள் ப்ளக்-இன்னாக (உள்ளே சேர்த்து இயக்கும் துணை மென்பொருளாக) திறக்க வேண்டும். அப்போது அடிகளை வரிசைப்படுத்தும் இரண்டு சீக்வென்சர்கள் ஒரே சிறிய திரையில் அடுக்கப்பட்டுவிடும். எஃப்எல் ஸ்டுடியோதான் உங்கள் வீடு என்றால், அதற்கென்றே 2018-இல் வெளியான அகாய் ஃபயர் கன்ட்ரோலர் (மென்பொருளை இயக்கும் பேட் பலகை) அல்லது சிறு விசைப்பலகையான ஓர் எம்பிகே மினி, இதைவிட நேரடியான வழி.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அண்மையில் முடித்த சில புராஜெக்ட்களைத் திறந்து, பிற நிறுவனங்களின் ப்ளக்-இன்கள் அனைத்தையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். எம்பிசியும் மாஷீன் பிளஸ்ஸும் அந்தந்தக் கருவிக்கென வெளியான ப்ளக்-இன்களையே ஏற்கும்; புஷ் 3-இன் தனித்தியங்கும் பதிப்பிலும் விஎஸ்டி எனப்படும் கணினி ப்ளக்-இன்கள் திறக்காது. அணைத்தபின் பீட்டின் உயிர் எஞ்சியிருக்கிறதா என்பதே உங்கள் கேள்விக்குச் சரியான விடை.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா புராஜெக்ட்களிலும் சாம்பிள்கள்தான் முதன்மை. பேஸ் ஒலிக்கு மட்டும் ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் ஒரு சின்த் ப்ளக்-இன்னை நம்பியிருக்கிறேன். பஃபரை 128-க்குக் குறைத்தபோது என் மடிக்கணினியில் ஒலி வெடிக்கிறது. எனவே மனம் தனிக்கருவியின் பக்கம் சாய்கிறது. எம்பிசியா, எஸ்பி-404-ஆ என்பதும், எஃப்எல்லுக்குக் கொண்டுவரும் வழியும்தான் இனித் தெரிய வேண்டும்.

மண்பானை:

நான் எஸ்பி-404 எம்கே2 வைத்திருக்கிறேன். அதன் இயல்பை மட்டும் சொல்கிறேன். ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் எடை, 16 ஜிபி உள்சேமிப்பு, ஒரே நேரத்தில் 32 ஒலிகள். நாம் பதிவு பொத்தானை அழுத்தாதபோதும் கடைசி 25 நொடிகளை நினைவில் வைத்திருந்து, கேட்டால் எடுத்துத் தரும் வசதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். சும்மா தட்டிக்கொண்டிருக்கும்போது தற்செயலாக விழும் நல்ல அடி தப்பிப்போவதில்லை. கணினியோடு இணைத்தால் ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் செயல்படும் என்பதால் உங்கள் ஒலிவெடிப்புச் சிக்கலுக்கும் இது ஒரு தீர்வாகலாம். எஃபெக்ட்கள் வழியாக ஒலியை மீண்டும் மீண்டும் பதிந்து உருமாற்றும் விதத்தில் இதற்கு இணை இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முழுப் பாடலை அறிமுகம், சரணம், முடிவு என்று இதற்குள்ளேயே விரிவாக ஒழுங்குபடுத்துவது கடினம், திரையும் சிறியது. உள்ளே சின்த் ஒலிக்காகத் தேடுவதைவிட, வீட்டிலேயே உங்கள் பேஸ் ப்ளக்-இன்னின் சில சுரங்களைச் சாம்பிளாக எடுத்து ஏற்றிக்கொண்டு வருவது எளிது.

ஏழாம்அடி:

மண்பானை சொன்னதோடு உடன்படுகிறேன். வெளியில் துண்டுகளை உருவாக்கி வீட்டில் கட்டமைப்பவருக்கு எஸ்பி-404 போதும். ஏழிலும் ஆறிலும் நீண்ட சுற்றுகளை வெளியிலேயே கோத்து, பாடலின் வரிசை வரை கொண்டுவர விரும்பினால் எம்பிசி வேண்டும். விடுதி அறையில் மின்முனை இருக்கும்போதுதான் பெரும்பாலும் வேலை என்றால் ஒன் பிளஸ். ரயிலிலும் வேண்டும் என்றால் எடையைப் பொறுத்துக்கொண்டு லைவ் 2. எம்பிசி லைவைக் கணினியோடு இணைத்து, எம்பிசி மென்பொருளின் கன்ட்ரோலராகவும் மாற்றலாம். நீங்கள் முதலில் கேட்ட இரண்டு வகைகளும் அப்போது ஒரே கருவியில் அமைந்துவிடும். நினைவகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலி ஏறத்தாழ 10 மெகாபைட்தான். ஒரு மணி நேரத் திருவிழாப் பதிவை அப்படியே ஏற்றாமல், தேவையான பகுதிகளை மட்டும் நறுக்கி ஏற்றினால் எம்பிசியின் 2 ஜிபி தாராளமாகப் போதும்.

எஃப்எல்லுக்குக் கொண்டுவருவது பற்றி: எம்பிசி புராஜெக்டை எஃப்எல் நேரடியாகத் திறக்காது. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எஸ்டி கார்டில் ஏற்றுமதி செய்யுங்கள். எல்லாக் கோப்புகளும் முதல் அளவின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கட்டும், அமைதியாக இருக்கும் டிராக்கும்கூட. அப்போதுதான் எஃப்எல்லின் பிளேலிஸ்ட்டில் போட்டவுடன் அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தும். கடைசி அடியின் ரீவெர்ப் (தேய்ந்து மறையும் ஒலி எச்சம்) அறுபடாமல் இருக்க, முடிவில் சிறிது இடம் விட்டு ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பின் பெயரிலேயே வேகத்தைக் குறிக்கும் பிபிஎம்மையும் தாள அளவையும் எழுதிவையுங்கள். எஃப்எல் புராஜெக்டின் தாள அளவை 7/8-க்கு மாற்றாமல் இழுத்துப் போட்டால் ஒலி சரியாக ஓடினாலும் கட்டக்கோடுகள் எங்கும் சேராது. பேஸ் பகுதியை மட்டும் மிடி கோப்பாகவும் (ஒலியின்றிச் சுரக் குறிப்புகளை மட்டும் கொண்ட கோப்பு) சேமித்து எடுத்து வந்தால், வீட்டில் உங்கள் சின்த் ப்ளக்-இன்னை அதே சுரங்களுக்குப் பொருத்திக்கொள்ளலாம்.