குமுளி மருத்துவமனை வேலை: மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு புதுப்பிப்பு

கம்பத்திலிருந்து நாள்தோறும் மலையேறி, கேரளத்தின் குமுளியில் ஒரு சிறு மருத்துவமனையில் புதிய மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன் என்றும், நான் எடுக்கும் இரத்த அழுத்த அளவு மருத்துவர் எடுப்பதைவிட அடிக்கடி கூடுதலாக வருவதால் வேலையை விட்டுவிடலாமா என்று தவிக்கிறேன் என்றும் முன்பு எழுதியிருந்தேன். விடவில்லை.

மூத்த செவிலியர் அக்கா ஒருவர் அருகிலிருந்து பார்த்துப் பிழையைச் சொன்னார். ஏலத்தோட்டத்திலிருந்து மேடேறி வந்தவரை உட்கார்ந்த உடனேயே அளந்துவிடுவேன். பருத்த கைக்கும் அதே சிறிய பட்டையைச் சுற்றுவேன். கையும் தாங்கலின்றித் தொங்கும். இவை மூன்றுமே அளவை உயர்த்திக் காட்டக்கூடியவை. இப்போது 5 நிமிடம் பேசாமல் சாய்ந்து அமரவைத்து, கைக்கேற்ற பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமீது வைத்த பிறகே அளக்கிறேன். வரிசை நீளும்போது அந்த 5 நிமிடத்தைக் காப்பதுதான் இன்றும் கடினம்.

மொழியைப் பற்றி முன்பு எழுதவே இல்லை. ஒரு மூதாட்டி 'பனி' என்றபோது குளிரைச் சொல்கிறார் என்று எண்ணிச் சன்னலைச் சாத்தினேன். மலையாளத்தில் அது காய்ச்சல். அவரைக் காக்கவைத்தது இன்றும் வருத்துகிறது. அன்று முதல், நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதி, பொருளை அவரிடமே கேட்டு உறுதிசெய்த பின்னரே குறிப்பை மருத்துவரிடம் அனுப்புகிறேன்.