பழைய தனுஷ்கோடி வாட்டர்கலர் படம்: பார்த்தவர்கள் உண்டா?

பாம்பன்காரன்:
மண்டபத்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது சாமான்களை விற்றார்கள். அதில் தேக்குச் சட்டம் போட்ட ஒரு வாட்டர்கலர். முக்கால் தாளுக்கு வானம், கீழே மணல்மேடு, தள்ளி தனுஷ்கோடி ஸ்டேஷன். ஓரத்தில் 1938, பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து, ஒன்று அழிந்துவிட்டது. கூட வந்த பெரியப்பா அங்கே பிறந்தவர், 64 புயலில் எல்லாம் போய் இங்கே வந்தவர். கண்ணாடி மேல் விரலை வைத்து, "இங்கனதான்டா நம்ம வீடு" என்றார். அந்த இடத்தில் வீடே வரையவில்லை, வெளிர் மஞ்சள் பூச்சு மட்டும்தான். விரலை எடுக்கவே இல்லை. அதற்குள் மதுரை வியாபாரி ஒருவர் விலை பேசி முடித்துவிட்டார். வரைந்தது யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

கீழக்கரைவாசி:
முதலில் அது கையால் வரைந்ததுதானா? ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 'ஒரிஜினல் பெயிண்டிங்' என்று ராமேஸ்வரம் கோயில் படம் ஒன்றைக் காட்டினார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நிழல் பகுதி முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி. அச்சுப்படம். ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே வந்து வரைந்ததில் பலவற்றை லண்டனில் செப்புத்தகட்டில் அச்சடித்து, மேலே கையால் வண்ணம் தீட்டினார்கள். அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

தொண்டிப் பொண்ணு:
அண்ணே, 1792-இல் தனுஷ்கோடிக்கு ஏது ஸ்டேஷன்? பாம்பன் பாலமே 1914-இல்தான் திறந்தார்கள். அவர் சொல்வது வேறு படம்.

எங்கள் சித்தி வீட்டிலும் ஒரு கடற்கரைப் படம் இருந்தது, வானம் முழுக்கப் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அப்படித்தான் ஆகும். வைத்திருப்பவர்கள் கடல் பார்த்த சுவரிலும் வெயில் படும் இடத்திலும் மாட்டாதீர்கள், வண்ணம் வெளுத்துவிடும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவில் ஜன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டை வேண்டும். பின்னால் இருக்கும் பழைய அட்டையை, அமிலமில்லாததாக மாற்றச் சொல்லுங்கள். ஆணி துருப்பிடித்திருந்தால் அதையும். தாளை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், வண்ணம் அப்படியே கரைந்து வந்துவிடும்.

தங்கச்சிமடத்தான்:
பாம்பன் தம்பி, எங்கள் அப்பத்தா சொல்லும்: சின்னப்பிள்ளையில் ஒரு வெள்ளைக்காரர் மணலில் குடை நட்டுப் படம் வரைவாராம். உவர்த்தண்ணீர் கொடுத்தால் கொட்டிவிடுவாராம், காய்ந்ததும் தாளில் உப்புப் பூக்கும் என்று. நல்ல தண்ணீர் ஊற்றிலிருந்து செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தால் காலணா. பேர் அதற்கும் தெரியாது. மதுரைக்காரரைப் பிடித்து, சட்டத்தின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருந்தால் அங்கிருந்து தேடலாம்.