ஆங்கிலப் பட்டமும் மழலையர் ஆசிரியர் பயிற்சியும் சேர்த்துப் படிக்கலாமா?

கேள்வி:
ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் நாலு வயதுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லப் போனேன். ஒரே கதையை மூன்று முறை கேட்டார்கள். அப்புறம் ஒரு குட்டிப்பெண் புத்தகத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எனக்கே அந்தக் கதையைச் சொன்னாள். இதுதான் என் வேலை என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. பட்டம் முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போவதா, இப்போதே சேர்வதா?

பதில் 1:
சேர்த்தே படித்தவள் நான். மொழியியல் பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ சுமார் 44. வாசிக்கும்போது குழந்தை எங்கே தடுமாறுகிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. குழந்தைகள் கையால் தொட்டுச் செய்து கற்கும் மாண்டிசோரி முறையில், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவச் சொல்லி, ‘எம்’ என்ற பெயருக்கு முன்பே ‘ம்’ என்ற ஒலியைத் தருவார்கள். பட்டப்படிப்பில் படித்த ஒலியியல் அப்படியே கைக்கு வந்தது.

பதில் 2:
வகுப்பறைப் பயிற்சி நாள்களும் பட்டத் தேர்வும் மோதுமா என்று முதலில் பாருங்கள். சான்றிதழ் எந்த வயதுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கச் செல்லும் என்றும் கேளுங்கள். சில பயிற்சிகள் 3 முதல் 6 வயதுக்கு மட்டும்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. மொழியியலை விடலாம் என்றுதான் இருந்தேன். சரி, நாளைக்கே பெயர் கொடுத்துவிடுகிறேன்.